சிரிப்புக்கு ஒரு தமிழ், அழுகைக்கு ஒரு தமிழ்: கொழும்புத் தமிழ்ப் பாட்டில் மெய்யுணர்வு

கேள்வி

ஒருவர் தானே எழுதி, தானே மெட்டுக் கட்டி, ஒரு கிற்றாரை மட்டும் துணைக்கு வைத்துப் பாடுகிறார். கவிஞர் எழுத, இசையமைப்பாளர் மெட்டமைக்க, பாடகர் பாடும் பாட்டில் இல்லாத ஓர் உண்மை அதில் இருப்பதாகக் கேட்பவர்களில் பலர் நம்புகிறார்கள். அமெரிக்காவில் இந்த நம்பிக்கை 1960களின் இறுதியிலிருந்து தனியொரு இசைவகையாகவே வளர்ந்தது. ஜோனி மிச்செலின் ‘புளூ’ (1971) இசைத்தட்டு அதன் அளவுகோலாக இன்றும் காட்டப்படுகிறது. இலங்கைத் தமிழில், குறிப்பாகக் கொழும்பில், இதே கேள்விக்கு ஒரு நூற்றாண்டுக்குள் பல விடைகள் சொல்லப்பட்டுவிட்டன. நாட்டார் பாடல் தொகுத்தவர்கள் ஒன்று சொன்னார்கள். வானொலி மெல்லிசைக்காரர்கள் வேறொன்று சொன்னார்கள். பொப்பிசைக்காரர்களும் அரசியல் மேடைப் பாடகர்களும் இன்றைய ராப் இளைஞர்களும் தத்தம் விடையைப் பாடியே காட்டினார்கள். இவற்றை ஒரே இடத்தில் நிறுத்தி ஒப்பிட்டுப் பார்ப்பதுதான் அரிதாக நடந்திருக்கிறது.

கொழும்பைத் தேர்வதற்குக் காரணம் உண்டு. யாழ்ப்பாணம், மட்டக்களப்பு, மலையகம் ஆகியவற்றுக்குத் தத்தம் பேச்சுத் தமிழும் அதில் ஊறிய பாட்டும் இருக்கின்றன. கொழும்பு பலரும் வேறிடங்களிலிருந்து வந்து சேர்ந்த ஊர். கொட்டாஞ்சேனையிலும் அதையொட்டிய ஜிந்துப்பிட்டி, கொச்சிக்கடைத் தெருக்களிலும் தூத்துக்குடிக் கரையிலிருந்து வந்த பரதர்கள், கொழும்புச் செட்டிகள், இந்திய வம்சாவளி வணிகர்கள், தொழிலாளர்கள், முஸ்லிம்கள், சிங்களக் கத்தோலிக்கர்கள் அடுத்தடுத்த வாசல்களில் வாழ்ந்திருக்கிறார்கள். வெள்ளவத்தை யாழ்ப்பாணத்து உத்தியோகக் குடும்பங்களால் அடையாளம் பெற்றது. போர்க்காலத்தில் இடம்பெயர்ந்தவர்களால் மேலும் நிறைந்தது. ஆடிவேல் விழாவில் செட்டியார் தெருவிலிருந்து காலி வீதி வழியே தெற்கே வரும் தேர் இந்த இரண்டு கொழும்புகளையும் ஆண்டுக்கொரு முறை ஒரே தடத்தில் இணைக்கிறது. இவர்கள் பேசுவது ஒரே தமிழ் அல்ல. ஆகவே பாட்டில் உண்மை எங்கே இருக்கிறது என்று இங்கே கேட்டால், அது யாருடைய தமிழில் இருக்கிறது என்ற கேள்வியும் கூடவே வந்துவிடுகிறது.

மரபு தந்த இரண்டு விடைகள்

சொல்லையும் இசையையும் ஒருவரே ஆக்குவது தமிழுக்குப் புதிதல்ல. கர்நாடக இசை மரபில் அப்படிப்பட்டவருக்கு வாக்கேயக்காரர் என்று பெயரே இருக்கிறது. தியாகராஜர் முதல் பாபநாசம் சிவன் வரை நீளும் அந்த வரிசையில் ஈழத்துக்கும் பங்குண்டு. பாபநாசம் சிவனிடம் பயின்ற இணுவில் வீரமணி ஐயரின் ‘கற்பகவல்லி’ பாடல் டி.எம். சௌந்தரராஜன் குரலில் தமிழகமெங்கும் ஒலித்தது. இந்த மரபில் ஆக்கியவர் தன் பெயரையோ முத்திரைச் சொல்லையோ பாட்டுக்குள் பதிப்பதுண்டு. உருகுவது தான்தான் என்பதை அந்த முத்திரை உறுதிப்படுத்துகிறது. ஆனால் அந்த உருக்கம் பெரும்பாலும் இறைவனை நோக்கியது. வாடகை வீடு, விசா வரிசை, பிரிந்துபோன நண்பன் போன்ற அன்றாடத் துயரங்களுக்கு அங்கே இடம் குறைவு.

அகப்பாட்டு மரபு இதற்கு நேர்மாறான விடையைத் தருகிறது. அகத்திணையில் காதலர் எவரையும் பெயர் சுட்டிச் சொல்லக் கூடாது என்று தொல்காப்பியம் விதிக்கிறது. பாடும் புலவர் தலைவியாகவோ தோழியாகவோ செவிலியாகவோ குரல் மாறிப் பேசுகிறார். தன் வாழ்க்கையைச் சொல்லாமலே உணர்வை முழுமையாகச் சொல்ல முடியும் என்பதற்குத் தமிழிலேயே இரண்டாயிரம் ஆண்டுச் சான்று இருக்கிறது. கொழும்பில் பத்திரிகையாசிரியராகவும் இருந்த க. கைலாசபதி, தமிழ் வீரயுகப் பாடல்கள் பற்றித் தாம் எழுதி 1968இல் வெளிவந்த ஆங்கில நூலில், பாணர் மரபு வாய்மொழி வாய்பாடுகளில் இயங்கியதைக் காட்டினார். பொதுச் சொத்தான தொடர்களிலிருந்தே அந்தப் பாட்டுகள் கட்டப்பட்டன என்றால், தனக்கே உரிய சொல் இருந்தால்தான் உண்மை பிறக்கும் என்ற இன்றைய எண்ணம் ஆட்டம் காண்கிறது.

மேற்கிலும் இதை ஒத்த பிரிவினை உண்டு. லயனல் ட்ரில்லிங் 1972இல், சொல்வதும் உணர்வதும் பொருந்தியிருக்கும் வாய்மையையும், சமூக வேடம் எதுவும் இல்லாமல் தானாக இருக்கும் அசல்தன்மையையும் வேறுபடுத்தினார். முன்னதற்குக் கேட்பவர் ஒருவர் வேண்டும். பின்னதற்கு அது தேவையில்லை. தமிழ் மரபு முன்னதன் பக்கமே அதிகம் சாய்ந்திருக்கிறது எனலாம். கொழும்பில் பின்னர் எழுந்த நிலைப்பாடுகளை அளக்க இந்த வேறுபாடு உதவும்.

வேரில் உண்மை: நாட்டார் பாடல் நிலைப்பாடு

முதல் நிலைப்பாடு, உண்மையான பாட்டு மண்ணில் ஏற்கெனவே இருக்கிறது என்பது. அதைக் காப்பதும் தொடர்வதும் போதும். வட்டுக்கோட்டை மு. இராமலிங்கம் வடபுலத்து நாட்டார் பாடல்களைத் தொகுத்தார். வி.சீ. கந்தையாவின் ‘மட்டக்களப்புத் தமிழகம்’ (1964) கிழக்கின் பாட்டுகளையும் கூத்துகளையும் வாழ்வோடு சேர்த்துப் பதிவுசெய்தது. சி.வி. வேலுப்பிள்ளை ‘மலைநாட்டு மக்கள் பாடல்கள்’ தொகுப்பின் வழியே தேயிலைத் தொழிலாளர்களின் குரலுக்கு அச்சில் இடம் தந்தார். இவர்களின் உழைப்பு இல்லாவிட்டால் ஒரு தலைமுறையின் தாலாட்டும் ஒப்பாரியும் ஏற்றப்பாட்டும் காற்றோடு போயிருக்கும்.

இந்த நிலைப்பாட்டின் பலம், பேச்சுத் தமிழால் அழ முடியும் என்பதை அது ஐயமற நிறுவுவது. ஒப்பாரியில் செந்தமிழ் கிடையாது. அண்ணனின் கடனும் அத்தான் வாங்கித் தராத சேலையும் அதில் பெயரோடு வரும். பாடுகிற பெண் பழைய வாய்பாட்டை எடுத்து, இறந்தவரின் பெயரையும் தன் குறையையும் அதற்குள் வைத்து அந்தக் கணத்திலேயே புதிதாகக் கட்டுகிறாள். எழுதி இசைத்துப் பாடும் கலைஞர் என்ற வரையறைக்கு அவளைவிடப் பொருத்தமானவர் வேறு யாரும் இல்லை என்றுகூட வாதிடலாம்.

பலவீனங்களும் இங்கேயே இருக்கின்றன. தொகுப்புகளில் பாட்டு நின்றது, பாடியவளின் பெயர் பெரும்பாலும் நிற்கவில்லை. ‘மக்கள் பாடியது’ என்ற சொல் ஒருத்தியின் ஆக்கத்தை ஊரின் சொத்தாக மாற்றிவிடுகிறது. இரண்டாவதாக, இந்த நிலைப்பாடு கிராமத்தை நோக்கியே நிற்கிறது. 2011இல் தொடங்கிய யாழ்ப்பாண இசைவிழா போன்ற முயற்சிகள் நாட்டார் கலைகளுக்குப் பெருமேடை தந்தது நற்செயல். ஆனால் மேடையில் ‘மரபு’ என்று அறிவிக்கப்பட்டவுடன் பாட்டு மாறுவதற்கான உரிமையை இழக்கத் தொடங்குகிறது. கொழும்புத் தெருவில் பிறந்த ஒருவர் வயலே அறியாதவர். அவர் நாற்று நடும் பாட்டைப் பாடினால் அது மரியாதை. அதை அவருடைய சொந்த உணர்வு என்று சொல்வது கடினம்.

கவியில் உண்மை: வானொலி மெல்லிசை

கொழும்பில் வானொலி 1925 டிசம்பரில் தொடங்கியது. 1949இல் அது இலங்கை வானொலி என்ற பெயரைப் பெற்றது. 1967இல் கூட்டுத்தாபனமாயிற்று. தமிழகத்துக்கு அது சினிமாப் பாட்டின் வானொலி. அகில இந்திய வானொலி 1952இல் பி.வி. கேஸ்கர் அமைச்சராக இருந்த காலத்தில் திரைப்பாடல்களை ஒதுக்கிவைத்தபோது, கொழும்பின் வர்த்தக ஒலிபரப்பே அவற்றின் வீடாக மாறியது. அந்தப் புகழின் மறுபக்கமாக, உள்ளூர்த் தமிழ்ப் பாட்டு தன் சொந்த நிலையத்திலேயே சென்னையின் பாட்டோடு போட்டியிட வேண்டியதாயிற்று.

ஈழத்து மெல்லிசை இந்த நெருக்கடிக்குப் பிறந்த விடை. ஆர். முத்துசாமி, எம்.கே. ரொக்சாமி போன்ற இசையமைப்பாளர்கள், வி. முத்தழகு போன்ற பாடகர்கள், அறிவிப்பாளரும் பாடகருமான எஸ்.கே. பரராஜசிங்கம் ஆகியோர் இதன் தூண்கள். முத்துசாமியும் ரொக்சாமியும் சிங்களத் திரையிசையிலும் பெயர் பெற்றவர்கள் என்பதால், இந்த மெல்லிசை தொடக்கத்திலிருந்தே இரு மொழிகளின் இசை அறிவில் வளர்ந்தது. பாட்டின் உண்மை நல்ல கவிதையில் இருக்கிறது, ஈழத்துக் கவிஞனின் சொல் ஈழத்து மெட்டில் ஏறினால் அதுவே நம் குரல் என்பதே அதன் உட்கருத்து.

இக்கருத்தின் பெறுமதி தெளிவானது. சினிமாவின் நிழலிலிருந்து விலகி, நம் ஆறும் நம் கடலும் பாட்டில் வரலாம் என்ற துணிவை அது தந்தது. அதன் குறை நிறுவனத்தின் குறை. குரல் தேர்வு, வரிகளின் ஏற்பு, இசைக்குழு, ஒலிப்பதிவு நேரம் என்று பல கதவுகளைத் தாண்டித்தான் பாட்டு வெளியே வந்தது. அந்தக் கதவுகள் தரத்தைக் காத்தன. கூடவே வரிகளைச் செம்மைப்படுத்திச் செந்தமிழின் பக்கம் தள்ளின என்றும் கருத இடமுண்டு. துயரம் அங்கே நிலவாகவும் நதியாகவும் வந்தது. தெருப்பெயரோடு வந்தது குறைவு.

அதே காலத்து ஈழக் கவிதை வேறொரு திசையில் போயிருந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். மஹாகவி, நீலாவணன், முருகையன் ஆகியோர் யாப்புக்குள்ளேயே பேச்சோசையைக் கொண்டுவந்தார்கள். எம்.ஏ. நுஃமான் முதலிய விமர்சகர்கள் அந்தச் சாதனையை விரிவாக விளக்கியிருக்கிறார்கள். மஹாகவியின் ‘கண்மணியாள் காதை’ கொழும்பு நாடகக் கலைஞர் லடீஸ் வீரமணியின் வில்லுப்பாட்டாக மேடையேறியது. சில்லையூர் செல்வராசன் தம் கவிதைகளைத் தாமே இசையோடு அரங்கில் நிகழ்த்தினார். இவை மெல்லிசைக்கும் பொப்புக்கும் இடையில் கிடந்த ஒரு வழியைக் காட்டுகின்றன: பேச்சுத் தமிழில் கனமான பொருளைப் பாடும் வழி. அந்த வழியில் தொடர்ந்து நடந்தவர்கள் அதிகமில்லை.

கிற்றாரும் நகையும்: பொப்பிசை

1960களின் பிற்பாதியில் கிற்றார் கொழும்புத் தமிழுக்குள் வந்தது. அதன் முன்னோடி பைலா. போர்த்துக்கேயர் காலக் கலப்பிலும் ஆபிரிக்க வழித்தோன்றல்களின் தாளத்திலும் பறங்கியரின் வீட்டுக் கொண்டாட்டத்திலும் ஊறி, பொலிஸ்காரரான வொலி பஸ்தியனால் சிங்கள மேடைக்கு வந்த ஆட்டப்பாட்டு அது. கொட்டாஞ்சேனையைப் போன்ற கலப்புத் தெருக்களுக்கு அந்தத் தாளம் அந்நியமல்ல. 1966இல் மூன்ஸ்டோன்ஸ் குழுவோடு கிளாரன்ஸ் விஜேவர்தன சிங்களத்தில் தொடங்கிய கிற்றார்ப் பாட்டு அலையும் அதே பத்தாண்டைச் சேர்ந்தது.

தமிழில் இந்த அலைக்குப் பெயர் பொப்பிசை. பின்னர் துள்ளிசை என்றும் சொன்னார்கள். நித்தி கனகரத்தினத்தின் ‘சின்ன மாமியே’யும் ‘கள்ளுக்கடைப் பக்கம் போகாதே’யும் யாழ்ப்பாணத்துப் பேச்சை அப்படியே மெட்டில் ஏற்றின. பொப்பிசைச் சக்கரவர்த்தி என்று அழைக்கப்பட்ட ஏ.ஈ. மனோகரனின் ‘சுராங்கனி’ தமிழையும் சிங்களத்தையும் ஒரே மூச்சில் கலந்தது. அது தமிழகத்திலும் பரவி, 1977இல் ‘அவர் எனக்கே சொந்தம்’ படத்தில் இளையராஜாவின் இசையில் மறுவடிவம் பெற்றது. திருகோணமலை எம்.பி. பரமேஸ் காதலின் ஏக்கத்தை எளிய சொற்களில் பாடினார். 1970களின் முதற்பாதியில் இந்திய இறக்குமதிகளுக்கு இருந்த கட்டுப்பாடுகள் ஈழத்துப் பதிப்பையும் கலையையும் பொதுவாக ஊக்கின. பொப்பிசையின் செழிப்புக்கு அதுவும் ஒரு காரணமாக இருந்திருக்கலாம்.

பொப்பிசையின் நிலைப்பாட்டைச் சுருங்கச் சொன்னால், நாம் பேசுகிறபடியே பாடினால் அதுவே உண்மை. நடைமுறையில், எழுதி இசைத்துப் பாடும் தனிக்கலைஞர் என்ற வடிவத்துக்கு ஈழத்தில் மிக நெருங்கி வந்தவர்கள் இவர்களே. வானொலியின் செந்தமிழால் தொட முடியாத வீட்டு முற்றத்தை இவர்களின் தமிழ் தொட்டது.

இதற்கு எதிராக இரண்டு வாதங்கள் எழுந்தன. மேல்நாட்டு மெட்டின் போலி என்று தூய்மைவாதிகள் சொன்னார்கள். பைலாவின் பலநூற்றாண்டு உள்ளூர் வரலாற்றைப் பார்த்தால் இந்த வாதம் நிற்காது. விளையாட்டுப் பாட்டு, ஆழமில்லாதது என்பது இரண்டாவது வாதம். இது கூடுதல் கவனத்துக்குரியது. பரவலாக அறியப்பட்ட பொப் பாடல்களை எடுத்துப் பார்த்தால், பேச்சுத் தமிழ் அங்கே பெரும்பாலும் மாமியைச் சீண்டவும் குடிகாரரைக் கண்டிக்கவும் மீன்காரரைப் பாடவும் பயன்பட்டிருக்கிறது. பரமேஸ் போன்றவர்கள் ஏக்கத்தைப் பாடியபோது சொற்கள் பொதுத் தமிழின் பக்கம் சாய்கின்றன. நகையையும் நல்ல பாட்டு உண்மையாகவே சொல்லும். சிரிப்பு ஆழமில்லாதது என்று சொல்வது நியாயமாகாது. ஆனாலும் நகைக்குத் திறந்த கதவு அழுகைக்குத் திறக்கவில்லை என்ற கணிப்பைத் தள்ளிவிட முடியாது.

பக்கத்து வீட்டின் அனுபவம்: சிங்களப் பாட்டு

இதே கேள்வி சிங்களத்தில் கூர்மையான வடிவம் எடுத்தது. லக்னோவிலும் சாந்திநிகேதனிலும் பயின்ற சுனில் சாந்த, ஹிந்துஸ்தானி அச்சிலிருந்து விலகிச் சிங்களப் பேச்சின் ஓசையிலிருந்தே மெட்டு பிறக்க வேண்டும் என்று விரும்பினார். 1952இல் வானொலிக் கலைஞர்களைத் தரம் பிரிக்க இந்தியாவிலிருந்து எஸ்.என். ரதன்ஜன்கர் அழைக்கப்பட்டபோது, அந்தத் தேர்வுக்குத் தோன்ற மறுத்தார். அதனால் நீண்டகாலம் வானொலிக்கு வெளியே நின்றார். நிறுவனத்தின் அங்கீகாரமும் சொந்தக் குரலும் மோதும்போது என்ன விலை கொடுக்க நேரும் என்பதற்கு அது கொழும்பு கண்ட தெளிவான சான்று.

விக்டர் ரத்நாயக்க 1973இல் தொடங்கிய ‘ச’ நிகழ்ச்சி, ஒரே பாடகர் ஓர் இரவு முழுவதும் தன் பாடல்களைத் தருவது என்ற வடிவத்தைச் சிங்கள மேடையில் நிலைநாட்டியது. நந்தா மாலினியின் ‘பவன’ (1987) பாடல்களை அரச வானொலி ஒலிபரப்பவில்லை. அவற்றை எழுதியவர் சுனில் ஆரியரத்ன. பாடியவர் எழுதவில்லை என்பதால் அந்தப் பாட்டுகளின் நேர்மையை எவரும் ஐயுற்றதில்லை. எழுதியவரே பாட வேண்டும் என்ற விதி உலகப் பொதுவிதி அல்ல என்பதற்கு இது வலுவான எடுத்துக்காட்டு.

தமிழ்ப் பக்கத்துக்கும் சிங்களப் பக்கத்துக்கும் ஒரு வேறுபாடு முக்கியமானது. சிங்களப் பாடகருக்கு அரங்கும் இசைத்தட்டுச் சந்தையும் தொடர்ந்து இருந்தன. தமிழ்ப் பாடகருக்கு 1977க்குப் பின் இறக்குமதி திறந்ததும் சென்னையின் கசெற்றுகள் கடைகளை நிறைத்தன. 1983 ஜூலை வன்முறை கொழும்பின் தமிழ்த் தெருக்களை எரித்தது. அந்த ஆண்டுகளில் பொப்பிசைக்காரர்களும் சிதறினர். நித்தி அவுஸ்திரேலியா சென்றார். மனோகரன் சென்னையில் திரைப்படங்களில் நடித்து, 2018இல் அங்கேயே காலமானார். ஒரு கலைவடிவம் முதிர்ந்து துயரத்தைத் தொடக்கூடிய கட்டத்தில், அதைத் தாங்கியவர்களும் கேட்டவர்களும் ஒரே ஊரில் இல்லாமல் போனார்கள்.

பலருக்கான குரல்: அரசியல் பாட்டு

நான்காவது நிலைப்பாடு, தனிமனித உணர்வு பொதுத் துயரத்தோடு சேரும்போதே பாட்டு உண்மையாகிறது என்பது. இதன் முன்னோடிகளில் ஒருவர் மீனாட்சியம்மை நடேசய்யர். ‘தேசநேசன்’ நடத்திய தொழிற்சங்கத் தலைவர் கோ. நடேசய்யரின் துணைவியான அவர், தொழிலாளர் கூட்டங்களில் தாம் எழுதிய பாட்டுகளைத் தாமே பாடினார். ‘இந்தியர்களது இலங்கை வாழ்க்கையின் நிலைமை’ என்ற அவருடைய பாட்டுப் பிரசுரம் 1940இல் வெளிவந்தது. மெட்டுகள் அக்காலத்தில் எல்லாருக்கும் தெரிந்தவை. கூட்டம் உடனே சேர்ந்து பாட அது வழி செய்தது. சொல் அவருடையது, குரல் அவருடையது, மெட்டு ஊருடையது. எழுதிப் பாடிய தமிழ்ப் பெண்கலைஞர் வரலாறு இலங்கையில் எழுதப்பட்டால், அதன் முதல் அத்தியாயம் இவரிடமிருந்து தொடங்கலாம்.

போர்க்கால எழுச்சிப் பாடல்கள் இந்த நிலைப்பாட்டின் மறுகோடி. வடகிழக்கில் புதுவை இரத்தினதுரை போன்ற கவிஞர்களின் வரிகளும் எஸ்.ஜி. சாந்தன் போன்றவர்களின் குரலும் கசெற் வழியே பரவின. அவற்றைப் பாடி அழுத மக்களின் கண்ணீர் மெய்யானது என்பதில் ஐயமில்லை. அதே வேளை அவை ஓர் இயக்கத்தின் தேவைக்காக அமைக்கப்பட்டவை. ஐயம், சோர்வு, அச்சம், மறுப்பு ஆகியவற்றுக்கு அந்த வடிவத்தில் இடம் குறுகியது. கொழும்புத் தமிழருக்கோ சோதனைச் சாவடிகளும் அடையாள அட்டைப் பதிவும் இருந்த காலத்தில், தங்கள் நிலையைப் பொதுவில் பாடுவதே ஆபத்தாகத் தோன்றியிருக்கும். ஊர் பேசாத உணர்வைப் பாடகர் மட்டும் பேசட்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமா என்ற கேள்வியையும் இங்கே கேட்டாக வேண்டும். மௌனமும் அந்நாட்களின் நேர்மைகளில் ஒன்றாக இருந்திருக்கலாம்.

‘நான்’ பேசும் காலம்

1998இல் சூரியன், சக்தி எனத் தனியார் தமிழ் வானொலிகள் வந்தன. அடுத்த பத்தாண்டில் கணினி ஒலிப்பதிவு வீட்டு அறைக்கு வந்தது. குரல் தேர்வு என்ற பழைய கதவு அகன்றது. கிரிஷான் மகேசன், தினேஷ் கனகரத்தினம் போன்ற கொழும்பு இளைஞர்கள் ராப்பைத் தமிழில் பேசினார்கள். தினேஷின் குரல் ‘கடல்’ (2013) படத்தின் வழியே ஏ.ஆர். ரஹ்மானின் இசையிலும் கேட்டது. ராப்பின் அடிப்படை விதி சொல்பவர் தன்னைப் பற்றிச் சொல்வது. அந்த வகையில் எழுதுபவரே பாடும் மரபு கிற்றாரை விட்டுத் தாளத்துக்கு இடம் மாறியது எனலாம். 2021இல் யொஹானி பாடிய ‘மெனிக்கே மகே ஹித்தே’, கொழும்பில் எளிய முறையில் பதிவான ஒரு மறுபாடல் உலகைச் சுற்றிவரும் என்று காட்டியது. அது ஏற்கெனவே சதீஷன் ரத்நாயக்க பாடியிருந்த பாட்டு. கேட்டவர்கள் அதில் உணர்ந்த நெருக்கம், ஆக்கியவர் யார் என்பதைப் பொறுத்திருக்கவில்லை.

அதே 2021இல் வெளியான ‘எஞ்சாயி எஞ்சாமி’ நம் கேள்விக்கு மிக நெருக்கமானது. அதன் வரிகளை எழுதிப் பாடிய கலைஞர் அறிவின் பாட்டி வள்ளியம்மாள் இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துத் தமிழகம் திரும்பியவர். மலையகத்து நினைவு, ஒப்பாரியின் மூச்சு, இன்றைய தாளம் ஆகியவை அங்கே ஒன்றாயின. பின்னர் அந்தப் பாட்டின் உரிமையும் பெருமையும் யாருக்குச் சேர வேண்டும் என்ற விவாதம் பொதுவெளியில் எழுந்தது. நாட்டார் தொகுப்புகளில் பாடியவளின் பெயர் தொலைந்த பழைய சிக்கல், எண்ணிம யுகத்தில் வேறு உருவில் திரும்பி வந்திருக்கிறது.

இந்தக் காலத்தின் பலவீனம், நெருக்கம் என்பதே ஒரு பாணியாகிவிடுவது. மங்கிய விளக்கு, ஒற்றைக் கிற்றார், தழுதழுத்த குரல் ஆகியவற்றை எவரும் அமைத்துக்கொள்ளலாம். அவற்றைக் கண்டவுடன் நேர்மை என்று நம்பப் பழகிவிட்டோம். அகப்பாட்டு கற்ற மரபுக்கு இது புதிய எச்சரிக்கை அல்ல. வேடம் தவறில்லை. வேடத்தையே வாழ்வென்று விற்பதுதான் சிக்கல்.

ஒப்புநோக்கும்போது

இந்த ஐந்து நிலைப்பாடுகளும் உண்மையின் இருப்பிடத்தை வெவ்வேறாகச் சொல்கின்றன: வேர், கவி, பேச்சு, பொதுத் துயரம், தன்னனுபவம். ஒவ்வொன்றும் மற்றதன் குறையைச் சரியாகவே சுட்டுகிறது. அவற்றை மொழியின் பக்கமிருந்து அடுக்கினால் ஓர் ஒழுங்கு தென்படுகிறது. கொழும்புத் தமிழ்ப் பாட்டு அன்றாடப் பேச்சில் சிரித்திருக்கிறது. அழ வந்தபோது செந்தமிழையோ யாழ்ப்பாணம், மட்டக்களப்பு, மலையகம் என்று விட்டுவந்த ஊரின் தமிழையோ நாடியிருக்கிறது. ராப் இந்த ஒழுங்கை ஓரளவு உடைத்திருக்கிறது. ஆயினும் அதன் இயல்பான உணர்வு சினமும் பெருமிதமும். துயரம் அங்கே அவற்றின் பின்னால் நிற்கிறது.

சென்னையோடு ஒப்பிட்டால் இது தெளிவாகும். வடசென்னையின் கானா, இழவு வீட்டிலேயே அந்த நகரத்தின் பேச்சில் அழத் தெரிந்த பாட்டு. 2018இல் மேடையேறிய ‘தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ இசைக்குழு அந்த மொழியைப் புதிய இசைக்குள் கொண்டுவந்தபோது, துயரத்துக்கும் எதிர்ப்புக்கும் ஏற்கெனவே பழகிய நாவு அங்கே காத்திருந்தது. கொழும்பில் அதற்கு இணையான, பரவலாக அறியப்பட்ட நகர்ப்புறத் துயரப் பாட்டு மரபு இல்லை. பலவகைத் தமிழ்கள் ஒரே தெருவில் வாழ்ந்ததால் எதுவும் முழு நகரத்தின் நாவாகவில்லை என்பது ஒரு விளக்கம். அச்சமும் இடப்பெயர்வும் அந்த நாவு முதிரக் காலம் தரவில்லை என்பது இன்னொன்று. இரண்டும் ஒன்றையொன்று மறுப்பவை அல்ல.

எழுதுபவரே பாடுவது உண்மைக்கு உத்தரவாதமா என்ற தொடக்கக் கேள்விக்கு, இங்கே கண்ட சான்றுகள் இல்லை என்றே சொல்லச் சாய்கின்றன. பிறர் வரியைப் பாடிய நந்தா மாலினி, பிறர் குரலில் பேசிய அகப்புலவர், பொது வாய்பாட்டில் அழுத ஒப்பாரிப் பெண் ஆகிய மூவரும் வெவ்வேறு வழிகளில் அதை மறுக்கிறார்கள். எழுதுபவரே பாடுவதால் கிடைப்பது வேறொன்று: இடையில் எவரும் சொல்லைத் திருத்தாமை. வானொலிக் கதவுகளைத் தாண்டும்போது உதிர்ந்துபோன தெருப்பெயரும் பேச்சுச் சொல்லும் உதிராமல் கேட்பவரைச் சேரும் வாய்ப்பு அங்கே கூடுதல். கொழும்பைப் போல யார் தமிழ் சரியானது என்று தீராத ஊரில் அந்த வாய்ப்பின் மதிப்பு பெரிது.

திறந்திருப்பவை

மூன்று கேள்விகள் எஞ்சுகின்றன. முதலாவது சான்று பற்றியது. கொழும்பின் தமிழ்ப் பாட்டு வரலாறு வெளிவந்த இசைத்தட்டுகளையும் நினைவுகளையும் நம்பியே எழுதப்படுகிறது. வானொலியில் ஒலிக்காத, வீடுகளில் மட்டும் பாடப்பட்ட துயரப் பாட்டுகள் இருந்திருந்தால், மேலே சொன்ன ஒழுங்கு திருத்தப்பட வேண்டிவரும். கொட்டாஞ்சேனைக் கத்தோலிக்க வீடுகளின் பாட்டுகளையும் வெள்ளவத்தைத் தொடர்மாடிகளுக்குப் போர்க்காலத்தில் வந்து சேர்ந்த தாய்மாரின் தாலாட்டுகளையும் எவராவது கேட்டுப் பதிந்தால் படம் மாறக்கூடும். அதற்குரிய தலைமுறை முதுமை எய்திவிட்டது. காலம் குறுகியது.

இரண்டாவது உரிமை பற்றியது. ஒப்பாரியின் வாய்பாட்டை எடுத்து இன்றைய பாடகர் புதுப்பாட்டுக் கட்டும்போது, பெயரிழந்த பழைய பாடகிக்கு நாம் என்ன கடன்பட்டிருக்கிறோம்? சட்டம் இதற்குத் தெளிவான விடை தரவில்லை. நன்றியறிதலின் மரபொன்று உருவாக வேண்டியிருக்கிறது.

மூன்றாவதே கடினமானது. தமிழும் சிங்களமும் ஆங்கிலமும் கலந்து, ஐந்து ஊர்களின் வினைமுற்றுகளை ஒரே வாக்கியத்தில் முடிக்கும் கொழும்பு இளையோரின் பேச்சு, சிரிப்புக்கு அப்பால் ஒரு மரணத்தைப் பாடும் வலிமை பெறுமா? எந்தப் பேச்சுக்கும் அந்த வலிமை உண்டு என்பதற்கு ஒப்பாரியே சான்று. ஆனால் ஒப்பாரிக்குச் சுற்றியிருந்து சேர்ந்தழும் பெண்கள் இருந்தார்கள். அந்தச் சொற்களைத் தங்கள் சொற்கள் என்று அவர்கள் ஏற்றுக்கொண்டார்கள். கொட்டாஞ்சேனைக்காரர் பாடுவதை வெள்ளவத்தைக்காரர் தம் தமிழென்று கேட்பாரா, வெள்ளவத்தைக்காரர் பாடுவதைக் கொட்டாஞ்சேனைக்காரர் அப்படிக் கேட்பாரா என்பதைப் பாடகர் தனியாகத் தீர்மானிக்க முடியாது. பாடுபவரின் நேர்மை பற்றி நூறாண்டாகப் பேசிவந்திருக்கிறோம். கேட்பவரின் நேர்மை பற்றிய ஆய்வு இன்னும் தொடங்கப்படவேயில்லை.